ஊதா வராதவர்கள் சேரலாம்

சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று சின்ன வயதில் சொன்னதை நம்பி எத்தனை தாளை வீணாக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் வந்தது காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு பழுப்பு. என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் ஓவிய அடிப்படைகள் சொல்லித்தரும் ஒரு வீடியோ வகுப்பில் (பேர் வேண்டாம், கடைசியில் கொஞ்சம் திட்டப்போகிறேன்) சேர்ந்த பிறகுதான் கோளாறு பெயின்ட் டியூபில் இருந்தது தெரிந்தது.

மூன்று பகுதிகள்: கோடும் வடிவமும், நிறம், புகழ்பெற்ற ஓவியங்கள். முதல் பகுதி பரவாயில்லை ரகம். கோளம், உருளை, பெர்ஸ்பெக்டிவ் எல்லாம் எங்கும் கிடைப்பதுதான், ஓட்டிவிட்டே பார்த்தேன்.

நிறப் பகுதிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். வண்ணச் சக்கரத்தைக் காட்டி மனப்பாடம் செய்யச் சொல்லாமல் ஆசிரியர் இரண்டு சிவப்பை எடுத்து வைக்கிறார். காட்மியம் ரெட் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு, அதில் அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றுகூடிச் சேறாகிவிடும். அதே நீலத்தை இரண்டாவது சிவப்போடு, அதாவது நீலம் பக்கம் சாய்ந்த குவினாக்ரிடோன் மெஜந்தாவோடு கலந்தால் பளிச்சென்று ஊதா. வீடியோவை நிறுத்திவிட்டு நானும் தட்டில் கலந்து பார்த்தேன். காய்ந்த பிறகும் அசல் கத்தரிப்பூ நிறம்! அச்சகத்தில் ஏன் சிவப்பு மைக்குப் பதில் மெஜந்தா வைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே புரிந்தது.

அப்புறம் வெளிச்சம், இருட்டு பற்றிய பாடம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த 'இம்ப்ரஷன், சன்ரைஸ்' படத்தைத் திரையில் கருப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டுகிறார், அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்ட காணாமலே போய்விடுகிறது. சூரியனும் அதைச் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம், வேறுபாடு நிறத்தில் மட்டும்தானாம். உடனே நான் வரைந்த ஆப்பிள் படத்தை போனில் எடுத்து அதே மாதிரி மாற்றினேன். சிவப்பு ஆப்பிளும் பச்சைத் துணியும் எதிரெதிர் நிறம், நன்றாக எடுப்பாக இருக்கிறது என்று பெருமைப்பட்ட படம் அது. மொத்தமும் ஒரே சாம்பல் கட்டியாகத் தெரிந்தது. மோனே தெரிந்து செய்ததை நான் தெரியாமல் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

செவ்ரல் கதையும் நன்றாகச் சொன்னார். கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் கருப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்த வேதியியலாளர். 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மூன்றாவது பகுதியில் செவ்ரலைப் படித்துவிட்டுப் புள்ளி புள்ளியாக வரைந்த சூராவின் 'கிராண்ட் ஜாட்' ஓவியத்தைக் காட்டவே இல்லை. எப்படி விட்டார்கள்? மோனாலிசாவுக்கு இரண்டு நிமிடம், 'ஸ்ஃபுமாட்டோ' என்ற வார்த்தை வருகிறது, ஆனால் அந்த வார்த்தை குறிக்கும் உத்தியை, அதாவது உதட்டோரத்தில் விளிம்பே இல்லாமல் நிழல் கரைவதை நெருக்கத்தில் காட்டக் காணோம். வான்கோவின் 'படுக்கையறை'க்கு வரும்போது, அமைதிக்காகச் சுவரை வெளிர்நீலமாக வரைந்தார் என்று ஒரே போடு. அந்தச் சுவர் 1888-இல் வெளிர் ஊதாவாக இருந்தது, அவரே கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கலவையிலிருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் வெளுத்துப்போய் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. நிறமியைப் பற்றி அவ்வளவு அழகாகப் பாடம் எடுத்தவர் இதைத் தவறவிடலாமா? கேள்விப் பெட்டியில் எழுதிப் போட்டேன். நான்கு நாள் கழித்து "நன்றி, தொடர்ந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. சரி.

சேருவதாக இருந்தால் நிறப் பகுதியைப் பெயின்ட்டும் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், வெறுமனே போன் திரையில் பார்த்தால் பாதிகூடப் பிடிபடாது. மூன்றாவது பகுதியைத் தாண்டிவிடலாம், அந்த ஓவியங்களை மியூசியங்களின் தளங்களிலேயே பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. எனக்கு ஊதா வந்துவிட்டது, இலைப்பச்சைதான் இன்னும் பிளாஸ்டிக் மாதிரியே வருகிறது. அந்தப் பாடத்தை இப்போது இரண்டாம் தடவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.