அகரவரிசைக்காக ஒரு தரவுத்தளம்: போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, எஸ்கியூலைட்

களுவாஞ்சிகுடியை அடுத்த எங்கள் வாசிகசாலைக்கு நூற்பட்டியலையும் உறுப்பினர் பதிவையும் வைத்துக்கொள்ள ஒரு சிறு வலைச்செயலி எழுதிக் கொடுத்தேன். டெபியன் என்ற இயங்குதளம் நிறுவிய பழைய மேசைக் கணினி ஒன்றில் ஓடுகிறது. நினைவகம் 4 ஜிபி. தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, எஸ்கியூலைட் ஆகிய மூன்று மென்பொருள்களையும் மாற்றி மாற்றி நிறுவிப் பார்த்துவிட்டுப் போஸ்ட்கிரெஸில் நின்றுவிட்டேன்.

விலை, வேகம் என்று அலச அதிகம் இல்லை. மூன்றும் இலவசம். இடையில் மின்சாரம் போனால் அரைகுறை மாற்றத்தைக் கைவிட்டு, முடிந்ததைக் காப்பாற்றும் ஏற்பாடு மூன்றிலும் உண்டு.

எஸ்கியூலைட்டில்தான் தொடங்கினேன். தனி சர்வர் வேண்டாம். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது வாசிகசாலைக்கு ஒரு குறையே அல்ல. ஊர்வாரியாக அச்சிட்ட முதல் உறுப்பினர் பட்டியலைப் பொறுப்பாளரிடம் கொடுத்தபோது சிக்கல் தெரிந்தது. கன்னன்குடா, கல்முனை, கல்லடி, களுவாஞ்சிகுடி என்று போனது வரிசை. "தம்பி, னகரம் கடைசி எழுத்தல்லவா? கன்னன்குடா எப்படிக் கல்லடிக்கு முன்னால் வந்தது?" என்று கேட்டார். அடுத்த பக்கத்தில் மணற்பிட்டிக்குப் பின்னால் மண்டூர் இருந்தது.

கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளுக்குக் கொடுத்த எண்வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல. அங்கே 'ந'வுக்கு அடுத்த எண் 'ன'. 'ர'வுக்கு அடுத்தது 'ற'. புள்ளியின் எண் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிந்தியது. அதனால் அகராதியில் முதலில் வரவேண்டிய 'ண்', ண, ணா, ணி எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. எஸ்கியூலைட் இயல்பாக இந்த எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. பன்மொழி வரிசை விதிகளைக் கொண்ட ஐசியு என்ற நிரலகத்தை அதனுடன் தனியாகத் தொகுத்து இணைக்கலாம். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அந்த வேலையைச் சுமக்க நான் விரும்பவில்லை.

மரியாடிபிக்கு மாறினேன். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் வலைத்தளம் நடத்துவோர் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். ஆனால் அதிலுள்ள மொழிவாரி வரிசைமுறைகளில் சிங்களத்துக்கு ஒன்று இருக்கிறது, வியட்நாமிய மொழிக்கு ஒன்று இருக்கிறது, தமிழுக்கு இல்லை. அந்தப் பட்டியலை இரண்டு முறை மேலும் கீழும் தேடினேன், மனம் கசந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நெடுங்கணக்குப்படி ஓர் எண்தொடரைக் கணித்து அட்டவணையில் தனிப் பத்தியில் (column) சேமித்து, அதைக் கொண்டு வரிசைப்படுத்தலாம். ஏற்கெனவே மரியாடிபியில் இருப்பவர்களுக்கு அந்த வழியைத்தான் சொல்வேன். புதிதாகத் தொடங்குபவருக்கு அது வீண் சுமை.

போஸ்ட்கிரெஸ், 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியுவைப் பயன்படுத்துகிறது. தமிழ் வரிசைமுறை நிறுவும்போதே கூட வந்துவிடுகிறது: மெய் முதலில், உயிர்மெய் பிறகு, வகரத்துக்குப் பின் ழ, ள, ற, ன. தலைப்பு, ஊர், பெயர் ஆகிய பத்திகளுக்கு மட்டும் அதைக் குறிப்பிட்டேன். 2022இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் தரவுத்தளம் முழுவதற்கும் இதையே இயல்பாக வைக்கலாம். அதை உருவாக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது ஐசியுவின் பதிப்பும் மாறலாம். தேடலை விரைவாக்கப் பழைய வரிசைப்படி கட்டிய சுட்டிகள் (index) அப்போது பிசகக்கூடும். போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கை காட்டும்; உடனே சுட்டிகளை மறுபடி கட்டவேண்டும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள்தான் ஆதரவு. அதற்குள் அடுத்ததற்குத் தரவைப் பெயர்க்கவேண்டும். எஸ்கியூலைட்டில் இந்த இரண்டாவது தொல்லை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தது ஆறு மாத ஓட்டம். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர். நூற்றுக்கணக்கானோர் நுழையும் தளத்துக்கு என் அனுபவத்தை அளவாகக் கொள்ளவேண்டாம்.

இரண்டாவது பட்டியலைப் பொறுப்பாளர் பென்சிலோடு வரி வரியாகப் பார்த்தார். மண்டூர் மணற்பிட்டிக்கு முன்னால் இருந்தது. களுவாஞ்சிகுடிக்கும் பிறகுதான் கன்னன்குடா. இரண்டு எழுத்துப்பிழைகளை மட்டும் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார்.