பூக்கடைக்கு வந்த கல்லூரி: மாணவர் தொழில்முனைப்புத் திட்டம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

சிங்கப்பூரின் தேக்காவில் எங்கள் குடும்பம் நடத்தும் பூக்கடைக்கு 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்று மாணவர்கள் வாரத்திற்கு இரண்டு நாள் வந்துபோனார்கள். அவர்கள் படிக்கும் கல்லூரி, புத்தாக்கத்தையும் தொழில்முனைப்பையும் வளர்ப்பதற்காக நடத்தும் திட்டத்தின் ஒரு பகுதி அது. சிறு கடைகள், பட்டறைகள், தொண்டு அமைப்புகள் ஆகியவற்றோடு மாணவர் குழுக்களைச் சேர்த்துவிட்டு, அங்கே உண்மையில் இருக்கும் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்துத் தீர்க்கச் சொல்கிறார்கள். கடைக்காரருக்குச் செலவு எதுவுமில்லை. நேரம் மட்டும் கொடுக்க வேண்டும். இத்தகைய அழைப்புக் கடிதம் மற்ற கடைக்காரர்களுக்கும் வந்திருக்கலாம், பிள்ளைகளை இதில் சேர்க்கலாமா என்று பெற்றோரும் யோசிக்கலாம் என்பதால், கண்டதை விரிவாக எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் கல்லூரியின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அது லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் பல்துறைக் கல்வி தரும் சிறிய கல்லூரி. வரலாறு படிப்பவர் புள்ளியியலும், கணினி படிப்பவர் தத்துவமும் சேர்த்துப் படிக்கும் முறை அது. இந்த ஊரில் அத்தகைய கல்வியின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) சேர்ந்து அமைத்த யேல்-என்யுஎஸ் கல்லூரி 2011-இல் நிறுவப்பட்டு, 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்து, 2025-இல் தன் கடைசி மாணவர்களுக்குப் பட்டம் அளித்து நிறைவுபெற்றது. அதன் வழியில் 2022-இல் என்யுஎஸ் கல்லூரி தொடங்கியது. நான் எழுதுவது அவை இரண்டும் அல்லாத வேறொன்றைப் பற்றி. ஆயினும் பெற்றோர் கேட்கும் கேள்வி எங்கும் ஒன்றுதான்: வரலாறும் இலக்கியமும் படித்த பிள்ளை தொழில் தொடங்க அந்தப் படிப்பு எந்த வகையில் உதவும்? மூன்று மாதம் கடையில் உட்கார்ந்து பார்த்த எனக்கு இப்போது அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

முதல் நாள் வந்த மூவரில் ஒருவர் வரலாற்று மாணவி, உயர்நிலைப் பள்ளிவரை தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்தவர். மற்றொருவர் உளவியல் மாணவர், மூன்றாமவர் கணினி மாணவர். இருவரும் சீனக் குடும்பத்துப் பிள்ளைகள். மாலைக்கு முன்பதிவு செய்ய ஒரு செயலி உருவாக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் மூவரும் வந்தார்கள். ஆனால் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: முதல் நான்கு வாரம் எந்தத் தீர்வையும் முன்வைக்கக் கூடாது, பார்த்ததையும் கேட்டதையும் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆசிரியரிடம் காட்ட வேண்டும். இந்தத் திட்டத்தில் நான் கண்ட சிறப்புகளுள் இதையே முதலில் வைப்பேன். கணினி மாணவருக்கு இரண்டாம் வாரமே கை பரபரத்தது; ஆனாலும் அவரும் உட்கார்ந்து, எங்கள் கடையில் இருபது ஆண்டுகளாகப் பூக்கட்டும் அக்காவிடம் வாழைநாரில் சரம் தொடுக்கக் கற்றுக்கொண்டார். அவரை மற்ற இருவரும் ‘ஆன்ட்டி’ என்று அழைக்க, வரலாற்று மாணவி மட்டும் ‘அக்கா’ என்றார். நாளடைவில் மூவருக்கும் அவர் அக்காவாகிவிட்டார்.

அப்படி உட்கார்ந்ததால் கிடைத்த முதல் பயன், முழம் பற்றிய கண்டுபிடிப்பு. பூச்சரத்தை நாங்கள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து விற்கிறோம். அளப்பவரின் கை நீண்டதா குட்டையா என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசுவதில்லை. காலையில் என் தம்பி அளந்த முழத்திற்கும் மாலையில் அக்கா அளந்த முழத்திற்கும் உள்ள வேறுபாட்டை உளவியல் மாணவர் அளவுநாடாவால் குறித்துவைத்தார். குறை சொல்லும் வாடிக்கையாளர்கள் விலையைப் பற்றிக் கேட்கவில்லை, ‘போன தடவை நீளமாக இருந்ததே’ என்றுதான் கேட்கிறார்கள் என்பதையும் அவரே கவனித்துச் சொன்னார். பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கீறி, இனி எல்லா முழமும் அந்தக் கோட்டுக்கு என்று முடிவு செய்தோம். செலவு ஒரு காசுகூட இல்லை. முப்பது ஆண்டுகளாக அந்தப் பலகையின் முன் நின்ற எங்களுக்கு அது தோன்றவில்லை.

இரண்டாவது பயன் இன்னும் பெரியது. மல்லிகை எங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. எத்தனை பெட்டி வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூடுதலாக வந்தால் மறுநாளே வாடிவிடும், குறைவாக வந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். கணினி மாணவர் எங்களது இரண்டு ஆண்டு விற்பனைக் கணக்கை எடுத்து, அடுத்து வரும் வாரங்களுக்கு எவ்வளவு பூ தேவைப்படும் என்று கணிக்கும் அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். அது நன்றாக இயங்கியது, ஆனால் முற்றிலும் தவறான நாள்களைக் காட்டியது. 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25 அன்று வந்தது. 2025-இல் அது பிப்ரவரி 11. தீபாவளியோ 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. ஆங்கிலத் தேதியை ஆங்கிலத் தேதியோடு ஒப்பிட்ட அட்டவணைக்கு இந்த நகர்வு புரியவில்லை.

அதைச் சரிசெய்தவர் வரலாற்று மாணவி. என் தந்தையார் தொண்ணூறுகளிலிருந்து எழுதிவந்த முன்பதிவு நோட்டுகள் பரணில் கிடந்தன. அவற்றை இறக்கித் தரச் சொல்லி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். அப்பாவின் கையெழுத்தை எங்கள் வீட்டிலேயே பாதிப்பேரால் படிக்க இயலாது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவர் தமிழ் மாதத்தையும் நாளையும் எழுதியிருந்ததை அந்தப் பெண்தான் கண்டார். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களுக்கு அரளியும் செவ்வந்தியும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் துளசி, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மாலைகள் ஏறக்குறைய இல்லை, தை பிறந்ததும் முகூர்த்த நாள்களில் குவியல்: நாங்கள் பழக்கத்தால் அறிந்திருந்த அனைத்தும் அந்த நோட்டுகளில் கணக்காகவே இருந்தன. மாணவி அவற்றைத் தமிழ் மாதவாரியாகப் பிரித்துக் கொடுக்க, மாணவர் தம் அட்டவணையில் பஞ்சாங்க நாள்களைச் சேர்த்தார். அதன்பின் கணிப்பு எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகத் தொடங்கியது. பழைய ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்கும் பயிற்சி வரலாற்றுப் பாடத்தில் வருவது. அது இல்லாமல் கணினித் திறன் மட்டும் இருந்திருந்தால் எங்கள் கடைக்கு ஓர் அழகான, பயனற்ற செயலி கிடைத்திருக்கும்.

அந்த நோட்டுகளைத் தொடுமுன் கல்லூரி ஒன்றை உறுதிசெய்துகொண்டது. அவற்றில் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. 2012-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மேற்பார்வை ஆசிரியர் நினைவூட்டி, பெயரும் எண்ணும் தெரியாதபடி மறைத்த பிறகே படியெடுக்க வேண்டும் என்றார். இரண்டு மாலைப்பொழுது முழுவதும் மூவரும் காகிதத் துண்டுகளை ஒட்டி மறைத்தார்கள். படிக்கும் காலத்திலேயே இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்வது நல்லது.

கல்லூரியிலுள்ள பட்டறையையும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். முப்பரிமாண அச்சுப்பொறி, தையல் இயந்திரம், மின்கருவிகள் எல்லாம் நேர்த்தியாக இருக்கின்றன, பொறுப்பாளர் பொறுமையானவர். எங்கள் குழு அங்கிருந்து எடுத்துவந்தது ஒரு சிறிய வெப்பமானி மட்டுமே. குளிர்பெட்டியின் கதவை நாங்கள் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே எவ்வளவு சூடேறுகிறது என்று அது பதிவுசெய்தது. மறுநாள் காலைக்குரிய மாலைகளைத் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று அதனால் தெரிந்தது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். திட்டத்தின் முற்பகுதி கேட்பதற்கும் கவனிப்பதற்கும் இடம் தருகிறது. பிற்பகுதி அதை மறந்துவிடுகிறது. ஒன்பதாம் வாரத்திலிருந்து மாணவர்கள் இறுதி விளக்கக்காட்சிக்குத் தயாராக வேண்டும். அதற்காக வெளியிலிருந்து வந்த வழிகாட்டி ஒருவர் இரண்டு முறை அவர்களைச் சந்தித்தார். இரண்டு முறையும் அவர் கேட்டது, ‘இதை எத்தனை நாடுகளுக்குக் கொண்டுபோக முடியும்?’ என்பதுதான். அது தவறான கேள்வி என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் சிறிய சந்தை. இங்கு வளர விரும்பும் நிறுவனம் வெளிநாட்டை நினைத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரே ஒரு கடையில்கூட ஒரு முழுப் பருவம் ஓடிப்பார்க்காத அட்டவணையை ஐந்து நாடுகளுக்கு விற்பதாகப் பேசச் சொன்னால், மாணவர்கள் தாங்கள் கண்டறிந்ததை விட்டுவிட்டுக் கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்லப் பழகிவிடுவார்கள். எங்கள் குழுவின் முதல் வரைவில் பஞ்சாங்கம் இல்லை, முழக்கோடும் இல்லை. ‘ஆசியாவின் பூச்சந்தை’ என்ற தலைப்பு மட்டும் பெரிதாக இருந்தது. உளவியல் மாணவர் வற்புறுத்தியதால்தான் அவை திரும்பி வந்தன.

அந்த நிகழ்ச்சியை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வைத்தார்கள். பங்குனி உத்திரமும் தமிழ்ப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்த நாள்கள் அவை. கடையை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர இயலாத காரணத்தால், எங்கள் கடையைப் பற்றிய விளக்கத்தைக் கேட்க எங்களில் எவரும் போகவில்லை. பங்குபெறும் கடைகளின் பரபரப்பான நாள்கள் எவை என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொண்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

பண விஷயத்தில் கல்லூரி நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. குழுவுக்குச் சில நூறு வெள்ளி தருகிறார்கள், ரசீது காட்ட வேண்டும். கணினி மாணவர் உடனே நிறுவனம் பதிவுசெய்ய ஆசைப்பட்டபோது, யாரும் அவரைத் தூண்டவில்லை. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் தனியார் நிறுவனம் பதிவுசெய்யப் பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி என்பது பெரிய தொகையன்று. பதிவுக்குப் பின் வரும் கடமைகள்தாம் சுமை: ஆறு மாதத்திற்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்கி இதையெல்லாம் விளக்கி, பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருவராவது கிடைத்தபின் வா என்று அனுப்பினார்கள். முதன்முறை தொழில் தொடங்குவோருக்கான ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர் மானியம் 2020-இல் 30,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டதையும், அதற்குத் தொடங்குபவரும் தம் பங்கைப் போட வேண்டும் என்பதையும் நான் அறிந்துகொண்டது அந்தக் கூட்டத்தில்தான்.

பெற்றோர் இந்தத் திட்டத்தைப் பெரிய பல்கலைக்கழகங்களின் ஏற்பாடுகளோடு ஒப்பிட வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைச் சிலிக்கான் வேலி உள்ளிட்ட இடங்களுக்கு அனுப்பி, இளம் நிறுவனங்களில் பல மாதம் வேலை செய்ய வைக்கிறது. பழைய பொருள்களை வாங்கவும் விற்கவும் உதவும் கரோசல் செயலியை 2012-இல் தொடங்கிய மூன்று பட்டதாரிகளும் அப்படிப் போய்வந்தவர்களே. ஆயர் ராஜாவில் பழைய தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்று 2011-இல் பிளாக்71 என்ற பெயரில் புதிய நிறுவனங்களுக்கான இடமாக மாறியதும் அதே பல்கலைக்கழகம் கைகொடுத்து நடந்தது. நிறுவனம் தொடங்கியே தீருவது என்ற உறுதியோடு இருக்கும் பிள்ளைக்கு அத்தகைய இடமே பொருத்தம். என்ன செய்வது என்று இன்னும் தெரியாத, ஆனால் மனிதர்களைக் கவனிக்கும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான் எழுதும் கல்லூரி பொருந்தும்.

எனினும் மிகப் பெரிய குறை காலம் பற்றியது. ஏப்ரல் முடிந்ததும் திட்டமும் முடிந்தது. அட்டவணையை யார் புதுப்பிப்பது, பிழை வந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. மதிப்பெண் வழங்கியாயிற்று, குழு கலைந்தது. பூக்கடையின் ஆண்டு தீபாவளியில்தான் உச்சம் அடைகிறது. மாணவர்கள் அதைப் பார்க்காமலே போனது, சமைத்துவிட்டு ருசி பார்க்காமல் எழுந்து போனதுபோல் எனக்குப் பட்டது.

கல்லூரி செய்யாததைக் கணினி மாணவர் தாமாகவே செய்தார். 2025 தீபாவளி அக்டோபர் 20. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை மாலை, வகுப்பும் மதிப்பெண்ணும் எதுவுமில்லாத நிலையில், கடைக்கு வந்து நின்று, ‘அக்கா, அட்டவணை சரியாகக் காட்டுகிறதா?’ என்று கேட்டார். மல்லிகைக் கணக்கு ஏறத்தாழச் சரியாக இருந்தது. கனகாம்பரத்தை அது வெகுவாகக் குறைத்துக் காட்டியது. அக்காவோடு உட்கார்ந்து இரவு கடை மூடும்வரை அதைத் திருத்தினார்.

அடுத்த குழுவையும் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறேன். ஜனவரிக்குப் பதிலாக ஆகஸ்டில் தொடங்கும் குழுவாக இருக்க வேண்டும், தீபாவளிக்கு மறுநாள்வரை கடையில் இருக்க வேண்டும் என்ற இரண்டு வேண்டுகோள்களைக் கல்லூரி அலுவலகத்திற்கு எழுதி அனுப்பியுள்ளேன். அப்பாவின் நோட்டுகளில் இன்னும் பதினொன்று படிக்கப்படாமல் இருக்கின்றன.