அப்துல் ரஹ்மான் தெரு பிபி கவர், ஒரு மழைக்காலம் தாண்டின பிறகு

பழைய காமிக்ஸ் புக்கைப் பத்திரமா வைக்க போன வருஷம் மே மாசம் வாங்கின பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) கவர் இது, ஒரு முழு மும்பை மழையைப் பாத்துடுச்சு, அதனால இப்ப எழுதலாம். பார்சல் பிரிச்ச அன்னிக்கே அஞ்சு ஸ்டார் போடுறவங்களை நான் நம்புறதில்ல, அதுவும் காமிக்ஸ் கவர் மாதிரி சாமானுக்கு, நல்லதா கெட்டதான்னு அது சொல்லவே வருஷம் ஆகும்.

என்கிட்ட சுமார் 340 புக்கு இருக்கு. பாதிக்கு மேல 80கள்ல வந்த முத்து, லயன், ராணி காமிக்ஸ், அப்பா தூத்துக்குடிலேருந்து இங்க வேலைக்கு வந்தப்ப ட்ரங்குப் பெட்டில கொண்டாந்தது, மீதி நான் சேத்தது. இன்னொரு பெட்டியும் இருந்துச்சு. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அன்னிக்கு சயான்ல எங்க கிரவுண்ட் ஃப்ளோர் வீட்ல முட்டி வரைக்கும் தண்ணி, கட்டிலுக்கு அடில இருந்த அந்தப் பெட்டி போச்சு. அப்பா அதையெல்லாம் மாடில காயப்போட்டுப் பாத்தார், பக்கத்தோட பக்கம் ஒட்டி செங்கல் மாதிரி ஆயிடுச்சு. அதுலேருந்து மிச்சம் இருக்குறதுக்கு ஒழுங்கா ஏதாவது செய்யணும்னு ஒரு உறுத்தல், செய்யறதுக்கு இவ்ளோ வருஷம் ஆச்சு, அது வேற விஷயம்.

மொதல்ல மாட்டினது ஆன்லைன்ல. "ஆர்கைவல் குவாலிட்டி, ஆசிட் ஃப்ரீ"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், என்ன பிளாஸ்டிக்னு மட்டும் எங்கயும் போடல. 100 கவர் 900 ரூபா. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு, பிரிச்ச உடனே புது மழைக்கோட்டு வாசனை. அந்த வாசனை வந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும், புரியல, உக்காந்து நாப்பது புக்குக்குப் போட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு ஒண்ணை வெளிய எடுத்தா அட்டை வரமாட்டேங்குது, மெல்ல உரிச்சா ஹீரோவோட சிவப்புச் சட்டை பாதி பிளாஸ்டிக்லயே நிக்குது. அது பிவிசி. பிவிசிய மெத்துன்னு ஆக்க பிளாஸ்டிசைசர்னு எண்ணெய் மாதிரி ஒண்ணு சேப்பாங்க, அது நாள்பட வெளிய கசிஞ்சு அச்சு மையை இளக்கிடும், அதோட பிவிசி கெட்டுப்போகும்போது ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேற விடும். ஆசிட் ஃப்ரீயாம்!

வீட்லயே கண்டுபிடிக்கலாம், காசே வேணாம். கவர்ல ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணில போடுங்க. பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் ரெண்டும் தண்ணியை விட லேசு, மிதக்கும். பிவிசி முங்கிடும். ஆனா சும்மா மேல போட்டா மெல்லிசா இருக்குறதால பிவிசியும் மிதக்குற மாதிரி ஏமாத்தும், நானே மொத தடவை ஏமாந்தேன், விரலால உள்ள அமுக்கி ஒட்டியிருக்குற காத்துக் குமிழியெல்லாம் தேச்சு விட்டுட்டுதான் பாக்கணும். முங்கினா உடனே திட்டாதீங்க, மைலார்னு சொல்ற பாலியஸ்டரும் முங்கும், அது நல்ல சரக்கு. அதைப் பிரிக்க செம்புக் கம்பி டெஸ்ட்: கம்பியை அடுப்புல சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்ல ஒரு தொடு தொட்டு, திரும்ப நெருப்புல காட்டினா பிவிசிக்கு ஜுவாலை பச்சையா வரும், குளோரின் இருக்குறதோட அடையாளம். ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு துளியூண்டு செஞ்சா போதும், அந்தப் புகை நல்லதில்ல. எங்க வீட்ல நான் இதை செஞ்சது ராத்திரி பத்து மணிக்கு, "சாம்பார் சுட வைக்க வேண்டிய அடுப்புல என்னங்க பண்றீங்க"ன்னு பொண்டாட்டி கேட்டா, பச்சையைக் காட்டினதும் அவளும் நின்னு பாத்தா.

அடுத்து அமெரிக்கா சரக்கு. நியூஜெர்சிலேருந்து வந்த ஃப்ரெண்டு கிட்ட பிசிடபிள்யூ கம்பெனி கவரும், புக்கு வளையாம இருக்க பின்னால வைக்குற பேக்கிங் போர்டும் கொண்டாரச் சொன்னேன். தரத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அது அவங்க ஊர் காமிக்ஸுக்கு அளவெடுத்தது, அகலம் ஏழு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி, உயரம் பத்தரை. நம்ம பழைய பாக்கெட் சைஸ் புக்கு அதுக்குள்ள அண்ணன் சட்டை போட்ட தம்பி மாதிரி கெடக்கு, எடுக்க எடுக்க உள்ள சரிஞ்சு முனை மடங்குது. இப்ப வர்ற பெரிய சைஸ் புக்கு நுழையவே நுழையாது. கவர்ல பிளாஸ்டிக்குக்கு அடுத்து அளவுதான் முக்கியம்னு அப்பதான் உறைச்சுது.

சரி, கதைக்கு வருவோம். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்துல அப்துல் ரஹ்மான் தெருவுல பேக்கிங் கவர் கடைங்க வரிசையா இருக்கு, துணிக்கடைக்கு, ஸ்வீட் கடைக்கெல்லாம் கவர் போறது அங்கேருந்துதான். கடை பேர் போடல, நான் நாலு கடை ஏறி எறங்கினேன், சரக்கு எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சேட்டு "கித்னா மைக்ரான்?"னாரு, கவர் எவ்ளோ தடிமன்னு கேக்குறார், நான் முழிச்சேன். உள்ள மூட்டை கட்டிட்டிருந்த பையன் என் ஹிந்தியைக் கேட்டுட்டு, "அண்ணே தமிழா? எதுக்கு வேணும், சட்டைக்கா?"ன்னான். வள்ளியூர்க்காரன். புக்குக்குன்னு சொன்னதும் "அப்ப ஒட்டு வேணாம்ணே, ஓப்பன் வாய் எடுங்க"ன்னான் பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்கே அவனுக்கு டிப்ஸ் குடுக்கலாம். சட்டை பேக் பண்ற கவர்ல மடிப்புல பசைக் கீத்து இருக்கும், புக்கை வெளிய இழுக்கும்போது அட்டை அதுல பட்டுச்சுன்னா மேல் தாள் உரிஞ்சு வந்துடும்.

50 மைக்ரான் பிபி எடுத்தேன், அமெரிக்காக்காரன் 2 மில்னு சொல்றதும், நம்ம கடைல 200 கேஜ்னு சொல்றதும் அதான். ரெடியா இருக்குற சைஸ்ல எடுத்தா கிலோ கணக்கு, எனக்கு 220 ரூபா போட்டாங்க, 20க்கு 28 சென்டிமீட்டர்ல கிலோவுக்கு கிட்டத்தட்ட 200 கவர் நின்னுச்சு. ஒண்ணு ஒரு ரூபா சொச்சம். பாக்கெட் சைஸுக்கு அளவு சொல்லி வெட்டித் தரச் சொன்னா அஞ்சு கிலோ எடுக்கணும்னாங்க, நாங்க மூணு பேரா சேந்து எடுத்தோம். வீட்டுக்கு வந்து வாளி டெஸ்ட், மிதந்துச்சு.

குறை இல்லாம இல்ல. ஓரத்து சீல் சிலதுல ஒழுங்கா இல்ல, நூத்துக்கு நாலஞ்சு கையிலயே பிரிஞ்சு வந்துச்சு. மைலார் அளவுக்குத் தெளிவும் கிடையாது, விறைப்பும் கிடையாது. மைலார் காத்தைத் தடுக்குறதுலயும் பிபியை விட ரொம்ப மேல, ஆனா 340 புக்குக்கு அதைப் போட்டா நான் அப்புறம் புக்கு வாங்க முடியாது, அப்பாவோட ரொம்பப் பழைய பன்னெண்டு புக்குக்கு மட்டும் வச்சிருக்கேன்.

போர்டு விஷயத்துல அதே தெருவை நம்பாதீங்க. "ஒயிட் போர்டு"ன்னு குடுப்பாங்க, அது டூப்ளெக்ஸ், மேல வெள்ளை பின்னால சாம்பல், ஸ்வீட் டப்பா அட்டை. நான் அமிலம் இருக்கான்னு நிறத்துல காட்டுற பிஹெச் பேனா வச்சு வெள்ளைப் பக்கம் கோடு போட்டேன், ஊதா, அதாவது பாஸ். அப்புறம் சந்தேகம் வந்து அட்டையைக் கிழிச்சு உள்பக்கம் போட்டா மஞ்சள். மேல பூசியிருக்குறதுல கால்சியம் கார்பனேட் இருக்கும், அது பேனாவை ஏமாத்துது, உள்ள அமிலம். இன்னொண்ணு, இந்தப் பேனா அமிலத்தை மட்டும்தான் சொல்லும், மரக்கூழ்ல இருக்குற லிக்னினைச் சொல்லாது, அந்த லிக்னின்தான் வெளிச்சம் சூடு பட்டு நாளாக நாளாக அமிலமா மாறி நியூஸ்பிரிண்டை மஞ்சளாக்கி அப்பளமா ஆக்குறது. (பேனாவைப் புக்கு மேல போட்டுப் பாத்துறாதீங்க, கறை போகாது.) கடைசில ஃபிரேம் போடுற கடைல ஆசிட் ஃப்ரீ மவுண்ட் போர்டு ஷீட் வாங்கி வெட்டினேன், வெலை கவரை விட பல மடங்கு, ஆனா இதுல மிச்சம் பிடிக்குறது வேலைக்கு ஆகாது.

இப்ப மழை. நம்ம ஊர்ல காமிக்ஸுக்கு மொத எதிரி அமிலம் இல்ல, ஈரம். ஜூலைல பீரோக்குள்ள ஈரப்பத மீட்டர் வச்சேன், 82 சதவீதம். அறுபத்தஞ்சு எழுபதைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம், புக்குல அடிச்ச ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், இராமபாணப் பூச்சி வரும். எவ்ளோ ஒசத்தி கவர் போட்டாலும் மழை நாள்ல ஈரத்தோட போட்டு மூடினா ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டின மாதிரிதான். அதனால மே மாசமே எல்லாத்தையும் கவர் போட்டு முடிச்சேன், வாய் ஒட்டாம சும்மா மடிச்சு விட்டேன், மூடி இறுக்கமான பிபி டப்பால நிமிர்த்தி அடுக்கி, ஈரத்தை உறிஞ்சுற ஆரஞ்சு சிலிக்கா ஜெல் ஒரு பை போட்டேன். பச்சையா மாறினா ஓவன்ல 110 டிகிரில காய வச்சுத் திரும்பப் போடலாம். நீலமா இருந்து ரோஸ் ஆகுறது வேணாம், அதுல கோபால்ட் இருக்கு, சமையல் ஓவன்ல வைக்கக் கூடாது. ஆகஸ்ட்ல டப்பாக்குள்ள மீட்டர் 54. டப்பா தரைல இல்ல, வெளிச்சுவத்தை ஒட்டியும் இல்ல, இப்ப நாலாவது மாடின்னாலும் பரணுக்குத்தான் போகுது, பழக்க தோஷம்.

அக்டோபர்ல எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். ஒட்டல, வாசனை இல்ல, ரெண்டு புக்குல மட்டும் பின் துரு லேசா கூடியிருக்கு, அது முன்னாடியே இருந்ததுதான். மவுண்ட் போர்டு வச்ச புக்கெல்லாம் நிமிர்ந்து நிக்குது, போர்டு தீந்துபோய் வெறும் ஏ4 பேப்பர் ரெண்டு மடிச்சு வச்சதெல்லாம் லேசா வளைஞ்சிருக்கு, அதுக்கு இன்னும் போர்டு வாங்கணும்.

போறவங்க மஸ்ஜித் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம். புக்கு ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க, அளவைச் சொல்லி விளங்க வைக்குறதை விட காட்டுறது சுளுவு. ஞாயித்துக்கிழமை லீவு, நான் ஒரு தடவை போய் ஷட்டரைப் பாத்துட்டு வந்தேன்.