முழு வாழ்க்கையா, ஒரே ஒரு சம்பவமா?

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு மனிதரின் கதையைப் படப்புத்தகமாக வாங்கப் போனால், பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். பிறப்பிலிருந்து இறப்பு வரை சொல்வது ஒன்று. அவருக்கு நடந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் விரித்துச் சொல்வது இன்னொன்று. இந்த வயதுக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

ராமானுஜனையே பாருங்கள். முதல் வகையில் 1887இல் ஈரோட்டில் பிறப்பார், கும்பகோணத்தில் படிப்பார், கல்லூரித் தேர்வில் தோற்பார், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆவார், 1914இல் கப்பல் ஏறுவார், 1920இல் 32 வயதில் இறந்துபோவார். பக்கத்துக்கு ஓர் ஊர், ஒரு வருஷம். 'போன வாரம்' என்பதே பிடிபடாத வயதில் 1887 எப்படிப் புரியும்? இப்படி ஒரு புத்தகத்தை வாசித்து முடித்ததும் என் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்ப்பா செத்துப்போனாரு?"

அதே ராமானுஜன், காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழித்து அழித்துப் போட்டதை மட்டும் சொல்லிப் பாருங்கள். சிலேட்டும் முழங்கையும் குழந்தைக்குத் தெரிந்தவை. கணக்கு மேல் அவருக்கு இருந்த பசி படத்திலேயே தெரிந்துவிடும்.

பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் கதை இதற்கென்றே நடந்தது போல இருக்கும். பம்பாயில் ஒரு சிறுவன் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டுவிடுகிறான். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் தீற்றல். இது என்ன குருவி? வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோகிறான். அங்கே மில்லார்டு என்பவர் பெயரைச் சொல்வதோடு விடாமல், பாடம் செய்து வைத்திருக்கும் பறவைகளை எல்லாம் திறந்து காட்டுகிறார். இதில் தப்பும் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது, கதவு திறந்துவிட்ட ஒரு பெரியவரும் இருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

முழு வாழ்க்கையையும் சொன்னால்தான் புரிகிற ஆட்களும் உண்டு. கென்யாவின் வங்காரி மாத்தாய் 1977இல் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். நோபல் பரிசு கிடைத்தது 2004இல். ஒரு கன்றை மட்டும் காட்டினால் அவர் புரியமாட்டார். பக்கத்துக்குப் பக்கம் மரம் வளர்ந்தால், வருஷம் போவதை அந்த மரமே சொல்லிவிடும்.

படக்கதை, அதாவது காமிக்ஸ், மூன்றாவது வழி. 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை போன்றவை, தானே வாசிக்கிற எட்டு வயதுக்கு நல்ல தீனி. மடியில் வைத்து வாசித்துக் காட்டத்தான் சரிப்படாது. எந்தக் குமிழ் யார் பேசுவது என்று விரல் வைத்துக் காட்டியே கை வலித்துவிடும்.

ஒரு சம்பவப் புத்தகம் வாங்கும்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எது நடந்தது, எது கற்பனை உரையாடல் என்று சொல்லியிருந்தால் நல்ல புத்தகம். மிச்ச வாழ்க்கையும் அங்கேயே சுருக்கமாக இருந்தால் இன்னும் வசதி. அதை நாம் படித்து வைத்துக்கொண்டால் போதும். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று குழந்தை கேட்கும்போது சொல்லலாம்.