ஊர்ப் பிரெஞ்சு மையம்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு யோசிக்கலாம்

பிரான்சுக்குப் போகாமலே பிரெஞ்சு பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது அலியான்ஸ் பிரான்சேஸ் வாசலில்தான். 1883-இல் பாரிசில் தொடங்கிய அமைப்பு. பெயர் எங்கும் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு ஊர்க் கிளையும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி நடக்கும் தனிச் சங்கம். அதனால் பெயர்ப் பலகையை நம்பிச் சேர்வது சரியல்ல. வகுப்பு, நூலகம், விழா மூன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

வகுப்பில் முதலில் கேட்க வேண்டியது தலைக்கணக்கு. இரண்டு மணி நேர வகுப்பில் பாதி நேரம் ஆசிரியர் பேசுவார். மீதி 60 நிமிடத்தை 20 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 3 நிமிடம். 10 பேர் என்றால் 6. பன்னிரண்டு பேருக்கு மேல் போகும் வகுப்புக்கு முழுக் கட்டணம் கொடுப்பது வீண். ஆசிரியர் பிரெஞ்சுக்காரராக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. தொடக்க நிலையில், மாணவர்களின் தாய்மொழி தெரிந்த ஆசிரியருக்குத்தான் பிழை எங்கிருந்து வருகிறது என்று உடனே புரியும்.

தமிழ் நாக்குக்கு வரும் பிழைகளைப் பாருங்கள். 'நீ'க்கு ஒரு பிரெஞ்சுச் சொல், 'எல்லாம்' என்பதற்கு வேறொரு சொல். நாம் இரண்டையும் 'து' என்றே சொல்லிவிடுவோம். முதல் சொல்லுக்கு உதட்டை 'உ'வுக்குக் குவித்து, நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். மூக்கொலிகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பேச்சில் 'பணம்' என்னும்போது கடைசி 'ம்'முக்கு நாம் வாயை மூடுவதில்லை, மூக்கோடு இழுத்து விட்டுவிடுகிறோம். 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' முடிவது கிட்டத்தட்ட அதே ஒலியில்தான்; எழுத்தைப் பார்த்து 'ன்'னை அழுத்தினால் கெட்டது. சொல்லும் சொல்லும் சேரும்போது ஒலி மாறுவது புணர்ச்சி படித்தவர்களுக்குப் புதிதல்ல. நீ, நீங்கள் வேறுபாடும் அப்படித்தான். தொல்லை தருவது சொற்களின் ஆண்பால், பெண்பால் பிரிவுதான். சூரியன் ஆண்பால், மேசை பெண்பால். அஃறிணை என்ற வசதியே கிடையாது. மேசையை 'தாப்ல்' என்று தனியாக மனப்பாடம் செய்தவர் பிறகு திண்டாடுவார், முதல் நாளே பெண்பால் காட்டும் 'லா'வோடு 'லா தாப்ல்' என்று படித்தவர் தப்பித்தார். இவற்றையெல்லாம் முதல் வாரத்திலேயே திருத்தும் ஆசிரியர் அமைந்தால் கட்டிய பணத்துக்கு மோசமில்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதலாம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளுக்கும் தலா 25, மொத்தம் 100 மதிப்பெண். தேற 50 போதும், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். டிசிஎஃப் என்னும் இன்னொரு மொழித் தேர்வின் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால், அவசரத் தேவை இல்லாதவர்களுக்கு டெல்ஃபே நல்லது.

நூலகத்தைப் பலரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சிறுவர் படக்கதைகள், 'கூல்த்யூர்தேக்' இணைய நூலகம் இரண்டும் உறுப்பினருக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆம் என்றால் சந்தாவுக்கு அதுவே ஈடாகிவிடும்.

இனி விழாக்கள். மையத்துக்கு மையம் தரம் அதிகம் மாறுவது இங்கேதான். ஜனவரியின் 'கலேத் தே ருவா'வை (பாதாம் கிரீம் வைத்த வட்டப் பலகாரம்) கடையில் வாங்கித் துண்டு போட்டுக் கொடுத்தால் அது வெறும் விநியோகம். முறையாகச் செய்தால், கூட்டத்தில் இளையவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டும் யாருக்கு என்று சொல்வார். உள்ளே மறைத்த 'ஃபேவ்' என்னும் சின்னப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். பெயர்களும் கேள்வி பதில்களும் தானாகவே பிரெஞ்சில் புழங்கும்.

கலேத் செய்துகாட்டும் பயிற்சி என்றால் அளவைக் கவனியுங்கள். பாதாம் பொடி, சர்க்கரை, வெண்ணெய் தலா 100 கிராம், முட்டை 2. இது பாதாம் கிரீம்தான். இதில் பாதியளவு கஸ்டர்ட் கிரீம் சேர்ந்தால்தான் 'ஃபிரான்ஜிபான்'. இரண்டு பஃப் பேஸ்ட்ரி வட்டங்களுக்கு நடுவே, ஓரத்தில் 2 சென்டிமீட்டர் விட்டுப் பரப்ப வேண்டும். ஃபேவை ஓரத்துப் பக்கம் வைத்தால் கத்தி அதில் படும் வாய்ப்பு குறைவு. விளிம்பை நீர் தொட்டு ஒட்டி, அரைமணி குளிர வைத்து, மேலே ஒரு துளை போட்டு, 200 டிகிரியில் சுமார் 30 நிமிடம். குளிர வைக்காவிட்டால் வெண்ணெய் உருகிக் கிரீம் வெளியே வழியும். மேலே பூசும் முட்டை விளிம்பில் இறங்கினால் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு மாவு எழும்பாது. சின்னக் குழந்தைகள் இருந்தால் பீங்கான் ஃபேவ் வேண்டாம், யாருக்கு வந்தது என்று சீட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2-இல் வரும் 'ஷாந்தலர்' திருநாளின் கிரேப்புக்கு (மெல்லிய தோசை போன்றது) செலவும் வேலையும் குறைவு: மைதா 250 கிராம், பால் அரை லிட்டர், முட்டை 4, உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பாலை ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு மணி நேரம் ஊறவிடாமல் வார்த்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். முதல் கிரேப் பிய்ந்தால் சட்டி சூடு போதவில்லை என்று பொருள், மாவைக் குறை சொல்லாதீர்கள்.

பாலாடைக்கட்டி மாலைகளுக்கு நுழைவுக் கட்டணம் அதிகமாகவே வைப்பார்கள். குளிர்பெட்டியிலிருந்து நேராக மேசைக்கு வந்தால் மணமே இருக்காது. ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்திருக்க வேண்டும். பிரீ என்னும் மென்மையான பாலாடைக்கட்டித் துண்டின் கூர்முனையை வெட்டி எடுத்துக்கொள்வது அங்கே மரியாதைக் குறைவு, நீளவாக்கில் வெட்ட வேண்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லாத மாலைக்குப் பதில் அதே பணத்தில் உரையாடல் வகுப்புக்குப் போகலாம். ரொட்டியைச் சோதிப்பது எளிது: 1993 பிரெஞ்சு அரசாணைப்படி 'பகேத் த திரதிசியோன்' என்னும் மரபு முறை நீள ரொட்டியின் மாவை உறைய வைக்கக் கூடாது, கூட்டுப்பொருட்களும் (additives) கூடாது.

ஜனவரியில் சேர்பவருக்கு கலேத், கிரேப், மார்ச் 20 ஃபிராங்கோஃபோனி (பிரெஞ்சு பேசுவோர்) நாள் மூன்றும் முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 கழிந்து சேர்ந்தால் விழாக் கணக்கு மெலிந்துவிடும். அப்போது சந்தாவை நூலகத்தையும் வகுப்பையும் மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.