யூனி சோஷியல் எண்டர்ப்ரைஸ் ப்ரோக்ராம்: ஒரு செமஸ்டர் இருந்து பாத்துட்டு எழுதுறேன்

எங்க யூனில மாணவருங்க சோஷியல் எண்டர்ப்ரைஸ் (சமூகப் பிரச்சினைய தீக்கறதுக்குன்னே நடத்துற தொழில்) தொடங்க உதவுற ப்ரோக்ராம் ஒண்ணு நடக்குது, போன செமஸ்டர் நாங்க நாலு பேரு சேந்தோம், சேரலாமான்னு ஜூனியருங்க கேட்டுக்கிட்டே இருக்கறதால எழுதுறேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார், அதுல முக்காவாசி எங்களுக்கு வழிகாட்டின மெண்டரம்மாவுக்கு.

நாங்க எடுத்துக்கிட்டது வெளிநாட்டு ஊழியருங்க மத்தியானச் சாப்பாடு. நிறைய டாம்ல (அவங்க தங்குற விடுதி) ராத்திரியே சமைச்சு, விடிகாலைல ரெண்டு வேளைக்கும் சேத்துப் பொட்டலம் குடுத்துடறாங்க, அது சைட்ல சூட்டுல கெடந்து 12 மணிக்குப் பிரிச்சா புளிச்ச வாடை. சமைச்ச 4 மணி நேரத்துக்குள்ள கேட்டரிங் சாப்பாட்ட சாப்பிட்டுடணும்னு சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லுது, கணக்குப் போட்டுப் பாருங்க. இதுக்கு புகார் வாங்குற ஆப் செய்யலாம்னு ஸ்லைடோட போனோம். மெண்டரம்மா ஸ்லைட பாக்கவே இல்ல, "மொதல்ல போய் அவங்க கூட உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

போனோம். சிவகங்கை அண்ணன் ஒருத்தர் சாம்பார் பைய மோந்து பாத்துட்டு ஓரமா வச்சிட்டு வெறுஞ்சோத்துக்கு ஊறுகாய் தொட்டு சாப்பிட்டாரு. "மாசம் 140 வெள்ளி கட்டுறேன் தம்பி, புகார் பண்ணி என்ன ஆவப்போவுது, மத்தியானம் சூடா ஒரு வண்டி வந்தா போதும்"னாரு. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. அன்னிக்கே ஆப்ப விட்டுட்டோம், பக்கத்துப் பக்கத்து சைட்டுங்களுக்கு ஒரே வேன்ல மத்தியான டெலிவரின்னு மாத்தினோம், ரெண்டு வாரம் 38 பொட்டலம் ஓட்டியும் பாத்தோம்.

வகுப்புங்க பரவால்ல. இங்க சோஷியல் எண்டர்ப்ரைஸுக்குன்னு தனி சட்ட வடிவமே கெடையாதுன்னு அங்கதான் தெரிஞ்சுது, பிரைவேட் லிமிடெட்டா பதியலாம், கம்பெனி பதியற அரசாங்க அமைப்பான ஆக்ரால (ACRA) பேருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. 2014ல என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) மாணவருங்க தொடங்கின வாட்டரோம் பத்தி சொன்னாங்க, கரண்ட் இல்லாத ஊர்ல கையால பம்ப் அடிச்சு தண்ணி வடிகட்டற ஃபில்டர் செய்றவங்க, அத கேட்டப்ப ரொம்ப உற்சாகமா இருந்துச்சு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா காசு விஷயம். நிதி உண்டுன்னு சொல்லுவாங்க ஆனா நம்ம கைக்காச போட்டு அப்புறம் ரசீத குடுத்து க்ளெய்ம் பண்ணணும், வேன் வாடகை திரும்பி வர ஆறு வாரம் ஆச்சு, டியூஷன் சொல்லிக்குடுத்து சம்பாதிச்சுப் படிக்கற பிள்ளைங்க இத எப்படித் தாங்குவாங்க? இத கட்டாயம் மாத்தணும், முன்பணமா குடுங்க. அப்புறம் செமஸ்டர் முடிஞ்சதும் மெண்டரும் இல்ல, ரூமும் இல்ல, வண்டி ஓடத் தொடங்கின நேரம் பாத்து.

அதனால நாங்க இப்ப சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் நடத்துற யங் சோஷியல் ஆண்ட்ரப்ரனர்ஸ்ங்கற ப்ரோக்ராமுக்கு விண்ணப்பம் எழுதிக்கிட்டு இருக்கோம், 18லேருந்து 35 வயசுக்காரங்களுக்கு, தேர்வானா 20,000 வெள்ளி வரைக்கும் கெடைக்கும். யூனி ப்ரோக்ராம்ல சேர்றவங்க களத்துக்கு அனுப்புற மெண்டரா கேட்டு வாங்குங்க, வேன் வாடகைக்கு ஒரு 400 வெள்ளியாவது கைல வச்சிக்குங்க.