ஆகஸ்ட் இரவில் உல்லையில் எத்தனை பேர்? பதிவேடா, பாலமா, குப்பையா

அறுகம்பையின் கடற்கரை ஊரான உல்லையில் ஆகஸ்ட் மாத இரவொன்றில் எத்தனை பேர் படுத்துறங்குகிறார்கள் என்று பொத்துவிலில் மூன்று பேரிடம் கேளுங்கள், மூன்று விடை வரும். கிராம சேவகரின் பட்டியல் ஒன்றைச் சொல்லும், விடுதிக்காரர் அதைப் போல் மூன்று மடங்கு சொல்வார், ட்ரக்டர் பெட்டியில் குப்பை ஏற்றுகிறவர் தலையைச் சொறிந்துவிட்டு "நேற்று ஆறு பெட்டி" என்பார். நம்பத்தக்கது மூன்றாவது விடை என்பதே என் கட்சி. மற்ற முறைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அறுகம்பை தீவல்ல. ஆனால் ஆள் எண்ணுவதற்கு உல்லையைத் தீவாகவே எடுத்துக்கொள்ளலாம்: கிழக்கே கடல், வடக்கே களப்பும் அதன் மேல் பாலமும், தெற்கே பாணமைக்குப் போகும் தெரு. ஆகவே உண்மையான சுற்றுலாத் தீவுகளில் கையாளும் முறைகள் இங்கேயும் பேச்சுக்கு வருகின்றன. எல்லாம் பொருந்துவதில்லை.

பதிவேட்டையும் குடிசன மதிப்பீட்டையும் முதலில் முடித்துவிடுவோம். நாட்டின் கடைசிக் குடிசன மதிப்பீடு 2024 டிசம்பர் 19 ஐ வைத்து எடுக்கப்பட்டது; அதற்கு முந்தியது 2012 மார்ச்சில். டிசம்பர் என்றால் மாரி. விடுதிகள் பூட்டிக் கிடக்கும், கடற்கரையில் வள்ளமும் நாயும் மட்டும். மார்ச்சிலும் சீசன் தொடங்கியிராது. பொத்துவில் பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் 2012 இல் வந்த கணக்கு ஏறத்தாழ 35,000. ஊர்ச் சனத்துக்கு அது சரியாகவே இருக்கலாம், ஆகஸ்ட் இரவுக்கு அது விடையல்ல.

பட்டியலில் விடுபடுவது வெள்ளைக்காரர் மட்டுமல்ல, இதைப் பலரும் கவனிப்பதில்லை. தெற்குக் கரையில் வெலிகம, ஹிக்கடுவைப் பக்கம் சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நம் பக்கம் ஏப்ரல், மேயிலிருந்து அக்டோபர் வரை. கரை மாறும்போது சமையற்காரர், சேர்ஃபிங் சொல்லிக் கொடுப்பவர், ஓட்டோக்காரர், வெயிற்றர் எல்லாரும் கூடவே மாறுகிறார்கள். அவர்களின் பெயர் மாத்தறையிலோ பதுளையிலோ மொனராகலையிலோ இருக்கும் கிராம சேவகர் பட்டியலில், ஆள் உல்லையில், ஒரு அறையில் ஐந்து பேராக. தாய்லாந்தின் புக்கெட் தீவில் இதே கதை பெரிய அளவில் நடக்கிறது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு வீட்டுப் பதிவேட்டில் இருப்பார்கள். வடகிழக்கு மாகாணங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பதிவைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். 2010 குடிசன மதிப்பீட்டில் புக்கெட் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டின் பதிவேட்டில் இருந்தவர்கள் மூன்றரை லட்சத்துக்குக் கிட்ட. 2021 ஜூலை 1 இல் தீவை வெளிநாட்டவருக்குத் திறக்க 70 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று இலக்கு வைத்தபோது இந்த இடைவெளி பெரிய தலையிடி. எதில் 70 சதவீதம் என்று தீர்மானிக்காமல் ஊசியைக்கூட எண்ண முடியாது.

அடுத்தது வாசற்கணக்கு: வந்தவரைக் கூட்டு, போனவரைக் கழி, மிச்சம் உள்ளே. இதன் முன்மாதிரி ஸ்பெயினின் பலேரிக் தீவுகள். விமான நிலையம், துறைமுகம் இரண்டிலும் ஏறி இறங்குகிறவர்களை வைத்து ஒவ்வொரு நாளும் தீவில் எத்தனை பேர் என்று அங்குள்ள புள்ளிவிபர நிறுவனம் வெளியிடுகிறது. குடியிருப்பவர்கள் பன்னிரண்டு லட்சம் அளவில். ஆகஸ்டின் உச்ச நாட்களில் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டும். ஹவாய் இன்னொரு வழியில் போகிறது: வருகிறவர் தொகையைச் சராசரித் தங்கலால் பெருக்கி 365 ஆல் வகுப்பது. 2019 இல் ஒரு கோடிக்கு மேல் வந்தார்கள், ஒருவர் சராசரியாக ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கினார். எந்த நாளிலும் இரண்டரை லட்சம் விருந்தாளிகள், பதினாலு லட்சம் குடியிருப்பாளரோடு. இதே கணக்கை இலங்கைக்கும் போடலாம். 2018 இல் வந்தவர்கள் 23,33,796. சராசரித் தங்கல் 10.8 நாள் என்று எடுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 69,000 வெளிநாட்டவர் நாட்டுக்குள் இருந்தார்கள். நாட்டுக்குச் சரி. உல்லைக்குள் நுழைகிறவருக்கு முத்திரை குத்த அங்கே யாரும் இல்லை.

பாலத்தில் ஆள் வைத்து எண்ணலாமே என்பார்கள். எண்ணலாம், ஆனால் பிழை சேர்ந்துகொண்டே போகும். உள்ளே ஆறாயிரம், வெளியே ஆறாயிரம் என்று தினமும் கடப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டோவில் பின்னால் ஒடுங்கியிருக்கும் ஆளை இரவில் தவறவிட்டு, வெளியே போகிறவரில் நூற்றுக்கு ஒருவர் மட்டும் கூடுதலாக விடுபட்டால், நாளுக்கு அறுபது பேய் உள்ளே தங்குகிறது. தொண்ணூறு நாளில் 5,400 பேய். பலேரிக்கில் டிக்கெட் இருப்பதால் இந்தப் பிழை சிறிது. பாலத்தில் டிக்கெட் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் பொத்துவிலால் வந்து, பாலம் கடந்து, பாணமை, உகந்தை வழியாகக் காட்டுக்குள் இறங்குவார்கள். திரும்பிப் பாலத்தால் வரமாட்டார்கள். தெற்கு வாசலில் ஆள் போடாமல் பாலத்தில் மட்டும் எண்ணினால் அத்தனை அடியாரும் கணக்கில் உல்லையிலேயே குடியேறிவிடுவார்கள். உகந்தைத் திருவிழாவுக்கு பஸ்ஸில் போய் வருகிறவர்களால் இன்னும் குழப்பம். ஆகவே வாசற்கணக்கு ஓரிரு நாளுக்கு, இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில், 24 மணி நேரமும் என்றால் மட்டுமே.

கட்டில் கணக்கு, அதாவது அறை எண்ணிக்கையை நிரம்பும் வீதத்தால் பெருக்குவது, பார்க்க எளிது. பதியாத வீட்டறைகள் அதில் இல்லை. இணையத்தில் தேடினால் ஒரே அறை மூன்று பெயரில் வரும். நிரம்பும் வீதமோ, வரிக்காரர் கேட்டால் ஒன்று, விடுதியை வாங்க வந்தவர் கேட்டால் வேறொன்று. தொலைபேசிக் கோபுரத் தரவு நல்லதுதான். எஸ்தோனியாவும் இந்தோனேசியாவும் சுற்றுலாப் புள்ளிவிபரத்துக்கே அதைப் பயன்படுத்துகின்றன. ஒரு பிரதேச சபைக்கு அந்தத் தரவு எளிதில் கைக்கு வராது. வந்தாலும் களப்புக்கு அந்தப் பக்கக் கோபுரம் இந்தப் பக்க போனையும் பிடிக்கும், ஒரு ஆளிடம் இரண்டு சிம் இருக்கும். இதில் கைப்பழக்கம் குறைவு என்பதால் இத்தோடு விடுகிறேன்.

மிஞ்சுவது பாவனைக் கணக்கு: தண்ணீர், மின்சாரம், குப்பை. மூன்றிலும் சூத்திரம் ஒன்றுதான், மொத்தத்தைத் தலைவீதத்தால், அதாவது ஒருவருக்கு நாளுக்கு ஆகும் அளவால், வகுப்பது. வெற்றியும் தோல்வியும் அந்தத் தலைவீதத்தில் இருக்கிறது. தண்ணீரை எடுங்கள். வீட்டில் ஒருவருக்கு நாளுக்கு 120 லீற்றர் என்று வைத்துத் திட்டமிடுவார்கள். நீச்சல் தடாகமும் புல்தரையும் உள்ள விடுதியில் ஒரு விருந்தாளிக்கு 300, 400 என்று போகும். சேர்ஃபிங் பலகையோடு வந்து கொட்டிலில் படுக்கும் இளைஞனுக்கு நூறு போதும். வகுக்கும் எண்ணே மூன்று நான்கு மடங்கு ஆடினால் விடையும் அவ்வளவு ஆடும். போதாததற்குப் பல விடுதிகளில் சொந்தக் கிணறு, குழாய்க்கிணறு, சிலநேரம் பவுசர். எதிலும் மீற்றர் இல்லை. மின்சாரத்தில் மீற்றர் உண்டு, ஆனால் ஏசி ஆளை எண்ணாது, வெப்பத்தைத்தான் எண்ணும்.

குப்பையிலும் தலைவீதம் ஆடும். வித்தியாசம் என்னவென்றால் அதை நீங்களே, அந்த ஊரிலேயே, 50 கிலோ தொங்கு தராசு ஒன்றை வைத்து அளந்துவிடலாம். குப்பையை யாரும் ஒளிப்பதுமில்லை. பதியாத அறையில் படுத்தவரும், பட்டியலில் இல்லாத சமையற்காரரும் காலையில் பையைத் தெருவில் வைத்தே ஆக வேண்டும்.

பலர் வழுக்குவது இங்கேதான். பத்து விடுதியைப் பிடித்து, ஒரு வாரம் பை நிறுத்து, ஆள் தொகையால் வகுத்து, "ஒருவருக்கு 400 கிராம்" என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு முழுத் தெருவின் நிறையை அதால் வகுப்பார்கள். ஆள் தொகை இரு மடங்காக வந்துவிடும். காரணம், விருந்தாளி படுப்பது ஒரு இடம், சாப்பிடுவது வேறு இடம். மீன் முள்ளும் பழத்தோலும் சாப்பாட்டுக் கடையின் வாளியில் இருக்கின்றன. விடுதிப் பையில் எடுத்த வீதம் தெருவுக்குப் பொருந்தாது.

சரியான வழி, முழு உல்லையையும் ஒரே அலகாக எடுப்பது. சீசனில் இரண்டு வாரம் தெரிவு செய்யுங்கள், ஒன்று ஜூனில் ஓரளவு வெறுமையான வாரம், மற்றது ஆகஸ்டில் நெரிசலான வாரம். இரண்டு வாரத்திலும் ஓர் இரவு வீடுவீடாகத் தலை எண்ண வேண்டும், மாலை எட்டு மணிக்குப் பிறகு. இரண்டே கேள்வி: இன்றிரவு விருந்தாளி எத்தனை பேர், வேலைக்காரர் எத்தனை பேர் இங்கே படுக்கிறார்கள்? பெயர் வேண்டாம், வாடகை வேண்டாம், பதிவு இலக்கம் வேண்டவே வேண்டாம். கேட்பவர் சபையின் வரிப்பகுதியாகவோ பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவோ இருந்தால் எண்ணிக்கை சுருங்கும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைப் போல வெளியாட்களை அனுப்புவது மேல்.

அந்த இரு வாரமும் ஏழு நாள் குப்பையும் நிறுக்க வேண்டும். நெல் ஆலையில் லொறித் தராசு கிடைத்தால் வெறும் பெட்டியை ஒருமுறையும், ஒவ்வொரு சுமையையும் நிறுங்கள். கிடைக்காவிட்டால் கன அளவால் போகலாம். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டி 120 கன அடி, அதாவது 3.4 கன மீற்றர். நம் குப்பை ஈரம் கூடியது. அமுக்காமல் கன மீற்றருக்கு 250 கிலோ என்று தொடங்கினால் ஒரு பெட்டி 850 கிலோ. அந்த 250 ஐ நம்பியிருக்காதீர்கள். 200 லீற்றர் பீப்பாயில் நிரப்பி, அரை அடி தூக்கி மூன்று முறை நிலத்தில் போட்டு, இறங்கிய இடத்தை நிரப்பி நிறுத்தால் உங்கள் எண் வரும். பெட்டியின் உட்பக்கம் கால், அரை, முக்கால் என்று வர்ணத்தில் கோடு போட்டுவிட்டால் சாரதியே உயரத்தைக் குறித்துவிடுவார்.

கற்பனை எண்களில் கணக்கைப் பாருங்கள். ஜூனில் விருந்தாளியும் வேலைக்காரருமாக 1,900 தலை, நாளுக்கு 4,000 கிலோ. ஆகஸ்டில் 4,400 தலை, 6,250 கிலோ. தலை 2,500 கூடியதற்கு நிறை 2,250 கூடியிருக்கிறது, தலைவீதம் 0.9 கிலோ. 1,900 ஐ 0.9 ஆல் பெருக்கினால் 1,710. 4,000 இல் அதைக் கழித்தால் 2,290 கிலோ, இது ஊர்ச் சனத்தின் பங்கு. டிசம்பரில் மழை விட்ட ஒரு வாரம் நிறுத்து அது 2,300 க்குக் கிட்ட வந்தால் கணக்கு நிற்கிறது. பிறகு தலை எண்ணத் தேவையில்லை: ஒரு வாரம் 5,350 கிலோ வந்தால், 2,290 ஐக் கழித்து 0.9 ஆல் வகுக்க, 3,400 பேர். மாரிக் கணக்கு 2,290 க்கு வெகு தூரத்தில் வந்தால் இரு வாரத்தில் ஒன்றில் தலையெண்ணல் பிசகியிருக்கிறது.

ஒவ்வொரு நாளையும் தனியாகப் பார்க்காதீர்கள். போயா விடுமுறையில் ஏற்றாதது மறுநாள் சேர்ந்து வரும். வாரத் தொகையை ஏழால் வகுங்கள். இளநீர்க் கோம்பையைப் புறம்பாக எடுங்கள், ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும், நான்கு கோம்பை நாலு பேராகத் தெரியும். 625 மில்லிலீற்றர் பியர் போத்தல் வெறுமையாகவே அரைக் கிலோவுக்குக் கிட்ட. போத்தல் வாங்குகிறவர் வரும் வாரத்துக்கும் வராத வாரத்துக்கும் அதனால் நிறை மாறும். கட்டட உடைசல், தென்னோலை, கடற்கரைத் துப்புரவு நாளின் பழைய பிளாஸ்டிக் இவையும் வேண்டாம். மழை பெய்த வாரத்தை விட்டுவிடுங்கள். நோன்பு மாதமும் பெருநாள் வாரங்களும் ஊர்க் குப்பையையே மாற்றும். நோன்பு ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னகர்வதால், போன வருட வாரத்தை இந்த வருடத்தோடு ஒப்பிடுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். எல்லாவற்றிலும் அடிக்கடி நடக்கும் கோளாறு மிகச் சாதாரணமானது: உல்லையில் அரைப் பெட்டி ஏற்றி, வழியில் பொத்துவில் டவுணில் மற்ற அரையை ஏற்றுவது. அளக்கும் வாரத்தில் உல்லை வண்டி பாலம் கடந்தால் நேரே கொட்டும் இடத்துக்குப் போக வேண்டும்.

எரிப்பதும் புதைப்பதும் இந்த முறையின் உண்மையான பலவீனம். எரிக்கும் விடுதிகள் எரித்துக்கொண்டே இருந்தால் பரவாயில்லை, தலைவீதம் அதற்கேற்பக் குறைவாக வந்து விடை சரியாகவே நிற்கும். நடுவில் சபை கட்டணத்தை மாற்றி, எரித்தவர்கள் வண்டிக்குக் கொடுக்கத் தொடங்கினால் அன்றோடு பழைய 0.9 செத்தது, மறுபடி தலை எண்ண வேண்டும். விடையை ஒற்றை எண்ணாக எழுதுவதையும் தவிர்ப்பேன். தலைவீதம் 0.8 ஆனால் அந்த 3,400 பேர் 3,825 ஆகிறார்கள்; 1.0 ஆனால் 3,060. மூவாயிரத்துக்கும் மூவாயிரத்து எண்ணூறுக்கும் இடையில் என்று எழுதுவதே நேர்மை, எத்தனை ட்ரக்டர் வேண்டும் என்று தீர்மானிக்க அது போதும்.

மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்கு இதை அப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே வார இறுதியில் பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் சோற்றுப் பார்சலோடு வந்து, கடலில் குளித்து, பொழுது சாயுமுன் திரும்புகிறார்கள். குப்பை முழு ஆளுக்குரியது, இரவோ பூச்சியம். ஞாயிற்றுக்கிழமை நிறையை இரவுத் தலைவீதத்தால் வகுத்தால் பாசிக்குடாவில் இல்லாத கட்டிலில் இல்லாத ஆட்கள் படுப்பார்கள். அங்கே விடுதிக் குப்பையையும் பொதுக் கடற்கரைத் தொட்டிக் குப்பையையும் வேறு வேறு வண்டியில் ஏற்றி, கடற்கரைக்கு மட்டும் பகல் ஒரு மணியளவில் தரிப்பிடத்தில் பஸ், வான், ஓட்டோ என்று பிரித்து எண்ணுவதே சரி. பஸ்ஸுக்கு ஐம்பது என்று கண்ணை மூடிப் போடாமல், நாலைந்து பஸ்ஸிலாவது இறங்குகிறவரை எண்ணிச் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பயணத்தில் சீற்றை விட ஆள் கூடவே இருக்கும்.